மஸில் பிரேக்கும் உன் பக்கத்து இடமும்

அன்புள்ள கதிர்,

“நீங்க எப்பப்பா வர்றீங்க?” என்று போன மாதம் கேட்டாய். கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தால் போதும் என்றேன். முட்டி வலி, விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது, உங்கள் ஊர்க் குளிர் எனக்கு ஒத்துவராது என்று அடுக்கினேன். இந்த மலையூர் பிரிஞ்சாங்கில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் குளிரைச் சாக்குச் சொன்னது உனக்கே வேடிக்கையாக இருந்திருக்கும். நீ சிரிக்கவில்லை. “சரிப்பா, உங்க இஷ்டம்” என்று வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்கு இப்போதுதான் உண்மையான பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். உதாரணம் சொல்லாமல் எனக்குப் பேசத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

என்னைத் தடுத்தது முட்டி வலி இல்லை. நீ அதற்கு முன்னால் சொன்ன ஒரு பேச்சு. “கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முந்தி எங்க ரைபிள் கிளப்புல போட்டி இருக்குப்பா. நீங்களும் வாங்களேன். பிரையன் டாட் எப்பவும் போல என் பக்கத்துல உட்கார்ந்துக்குவாரு. நீங்க பின்னாடி சேர் போட்டு சௌகரியமா பாக்கலாம்” என்றாய். சுடுகிறவன் பாயில் படுத்திருக்க, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்து, குண்டு எங்கே விழுந்தது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வார் என்பதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணம் நிச்சயமானவன் சுடும் போட்டியில் அந்த இடத்தில் அவன் வீட்டு ஆள் உட்காருவதுதான் உங்கள் கிளப்பின் வழக்கம் என்றும் ஒருமுறை சொல்லியிருந்தாய். வீட்டு ஆள். அந்த இடம் பிரையனுக்கு. எனக்குப் பின்னாடி ஒரு நாற்காலி.

பிரையன், நீ கட்டிக்கொள்ளப் போகும் ஹன்னாவின் அப்பா, நல்ல மனிதர். ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கப் போன உன்னைத் தன் சமையலறை மேசையில் உட்காரவைத்துச் சோறு போட்டவர், துப்பாக்கி உரிமத்துக்குப் படிக்கவைத்தவர், இப்போது பெண்ணையும் கொடுக்கிறவர். இதையெல்லாம் நான் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பொறாமைப்படுகிறேன். நல்ல மனிதர்மேல் பொறாமைப்படுவது கெட்டவன்மேல் பொறாமைப்படுவதைவிடக் கஷ்டம். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காது. நீ அவரை ‘டாட்’ என்று கூப்பிடும்போது ஹன்னா அப்படிக் கூப்பிடுவதால் உனக்கும் பழகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, “அப்ப நானும் அவரை டாட்டுன்னு கூப்பிடவா?” என்கிறாள்.

ஹமீது பாய் கடையிலும் என்னை விடுவதில்லை. ஒருநாள் ரொட்டி சாப்பிடப் போனபோது நான் கைத்தொலைபேசியில் நீ அனுப்பிய வீடியோவையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரையனுடைய கொட்டகை, நீளமான மேசை, நீயும் அவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ரைபிள் குழலின் முனையைப் பார்க்கும் அந்த வீடியோ. “என்ன வாத்தியாரே, மகன் படமா?” என்று பாய் கேட்டார். உன் அம்மா முந்திக்கொண்டாள். “மகன் படம் இல்ல பாய், சம்பந்தி படம். இவருக்கு வயிறு எரியுது.” பாய் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “வயித்தெரிச்சலுக்கு பால் இல்லாத தே ஓ ஐஸ் நல்லது லா. சீனி கொறச்சுப் போடவா?” பக்கத்து மேசை வரைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடியோவை நிறுத்தவில்லை.

அந்த வீடியோவில் நீங்கள் பொருத்திக்கொண்டிருந்தது மஸில் பிரேக். குழல் முனையில் திருகும், பக்கவாட்டில் துளைகள் வெட்டிய சின்ன இரும்பு உருளை. பிரையன் கேமராவைப் பார்த்து, “இது உதைப்பைத் தின்றுவிடும், ரைபிளும் நேராகச் சுடும்” என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. இரும்பு எதையும் தின்னாது. இந்த ஆள் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று நிரூபிக்கத்தான் நான் படிக்க உட்கார்ந்தேன். ரைபிளைத் தொட்டே பார்க்காதவன், இரவும் பகலும் அதைப் பற்றியே படித்தேன். அறிவியல் வாத்தியாருக்குப் பொறாமை வந்தால் இப்படித்தான் வரும்.

படித்தது புரிந்ததா என்று பார்க்க கியா பார்மில் ஸ்ட்ராபெர்ரி போட்டிருக்கும் என் பழைய மாணவன் செல்வத்திடம் போனேன். அவனிடம் மோட்டார் பம்பும் நல்ல தடித்த ஹோஸும் இருக்கின்றன. “சார், ரிட்டயராயியும் பிராக்டிகல் கிளாஸா?” என்றான். “பேசாம பம்பைப் போடுறா” என்றேன். தண்ணீர் முன்னால் சீறிப் பாய்ந்தபோது ஹோஸ் என் வயிற்றைப் பின்னால் தள்ளியது. உன் தோளுக்கு ரைபிள் செய்வதும் இதுதான். குண்டும், அதன் பின்னால் வெடித்து வெளியேறும் புகையும் முன்னால் போகின்றன, துப்பாக்கி பின்னால் வருகிறது. அடுத்து ஹோஸின் வாயில் இரண்டு பக்கமும் திறந்த ஒரு டி குழாயை மாட்டச் சொன்னேன். தண்ணீர் இடமும் வலமுமாகப் பிரிந்து அடித்தது. என் வயிற்றில் தள்ளலே இல்லை. மஸில் பிரேக் செய்யும் வேலை இவ்வளவுதான். குண்டு நடுத் துளை வழியாக நேராகப் போய்விடும். பின்னால் வரும் புகையை மட்டும் உருளையின் உள்சுவர்கள் மறித்துப் பக்கத் துளைகளில் திருப்பிவிடும். அந்தப் புகை சுவரை முட்டும்போது துப்பாக்கியைச் சற்று முன்னால் இழுக்கவும் செய்கிறது. அதனால்தான் தோளில் உதை குறைகிறது. தின்பதும் இல்லை, விழுங்குவதும் இல்லை.

நான் வெற்றிக் களிப்பில் திரும்பிப் பார்த்தால் உன் அம்மா தலையிலிருந்து கால்வரை நனைந்து நிற்கிறாள். ஸ்ட்ராபெர்ரி வாங்க என்று கூட்டிக்கொண்டு போயிருந்தேன். என் பக்கவாட்டில் நின்றிருக்கிறாள், பாவம். “அந்த வெள்ளைக்காரர் மேல கோவம்னா அவர் மேல ஊத்துங்க! என் மேல எதுக்கு?” என்று கத்தினாள். செல்வம் பம்பை நிறுத்தவே மறந்து சிரித்துக்கொண்டிருந்தான். அப்போது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

“ரைபிளும் நேராகச் சுடும்” என்றாரே, அதற்கு வருகிறேன். அது பாதிதான் சரி. குழலுக்குள் குண்டு எப்படி ஓடுகிறது என்பதை முனையில் திருகிய இரும்பு மாற்றிவிடாது. மாறுவது நீதான். நான் சின்னப் பிள்ளையாகப் படித்த காலத்தில் வாத்தியார் பிரம்பை ஓங்கினால், அது விழுவதற்கு முன்பே கை தானாகப் பின்னால் போகும். போகாதே என்று கையிடம் சொல்லிப் பயனில்லை. பெரிய ரைபிளைச் சுடுகிறவனின் தோளும் அப்படித்தான். உதை வரப்போகிறது என்று அதற்குத் தெரியும். விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் உடம்பு இறுகும், கண் மூடும், குழல் ஒரு மயிரிழை நகரும். தூரத்து இலக்குத் தாளில் அந்த மயிரிழை ஒரு சாண் ஆகிவிடும். பிரேக் போட்டதும் உதை குறைகிறது, பயம் குறைகிறது, சுட்ட பிறகும் ரைபிளின் தொலைநோக்கியிலிருந்து இலக்கு நழுவாமல் நிற்கிறது, உன் குண்டு விழுந்த இடத்தை நீயே பார்க்கிறாய். அடுத்ததைத் திருத்திக்கொள்கிறாய். கூட்டிப் பார்த்தால் நீ நன்றாகச் சுடுகிறாய், ரைபிள் பழைய ரைபிள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. துணி காயப்போடும் மூங்கிலை நுனியில் ஈரக் கைலி தொங்கும்போது ஆட்டிப் பார், கைலி இல்லாமலும் ஆட்டிப் பார். ஆட்டம் வேறுவேறாக இருக்கும். சுடும்போது குழலும் கண்ணுக்குத் தெரியாமல் அதிர்கிறது. முனையில் எடை ஏறியதும் அந்த அதிர்வு மாறுகிறது. அதனால் குண்டுகள் விழும் இடமே சற்று நகர்ந்துவிடும். சில ரைபிளில் குண்டுகள் முன்பைவிட நெருங்கி விழும், சிலதில் விலகும். எது நடக்கும் என்று சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பிரேக்கை மாட்டினாலும் கழற்றினாலும் ரைபிளின் தொலைநோக்கியைப் புதிதாகச் சரிசெய்தே ஆக வேண்டும். இதையெல்லாம் எழுதி பிரையனுக்கு அனுப்பலாம் என்று பேனாவை எடுத்தேன். உன் அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் அழைத்தபோது முகம் வாடியிருந்தது. முன்பெல்லாம் ஐம்பது காசு நாணய அளவுக்குள் விழுந்த குண்டுகள், பிரேக் போட்ட பிறகு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மடித்த அப்பம் பாலிக் அகலத்துக்குச் சிதறுகின்றன என்றாய். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம்! பிரையன் சொல்லிக் கொடுத்தது தோற்றுப்போயிற்று என்று நினைத்தேன். அப்போது அவரே திரைக்குள் வந்தார், கையில் கழற்றிய பிரேக். அதன் திருகு மரையிலிருந்து வெள்ளையாக ஏதோ கிழிந்து தொங்கியது. “இது ரைபிளா, கக்கூஸ் குழாயா? இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?” என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முதலில் அவர் ஒருமுறை மாட்டிக் காட்டிவிட்டுக் கழற்றிக் கொடுத்ததை, நீ தனியாக மாட்டும்போது மரையில் குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றியிருக்கிறாய். “எங்க அப்பாதான். எங்க ஊர்ல மரைன்னு ஒண்ணு இருந்தா டேப் சுத்தணும்” என்றாய்.

கதிர், அந்த வாக்கியத்தை நான் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடந்தேன் தெரியுமா? நாம் இருந்த எஸ்டேட் பள்ளி வாத்தியார் வீட்டுக்கு மேலே மலையிலிருந்து வந்த தண்ணீர்க் குழாய், மழை பெய்தால் எங்காவது கழன்றுகொள்ளும். நீ டேப்பைப் பிடித்துக்கொள்வாய், நான் சுற்றுவேன். “இன்னும் ரெண்டு சுத்துப்பா, ஒழுகும்” என்பாய். கடல் தாண்டி, ஆட்டுக் கொட்டகையில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது உன் கை என் கை செய்ததைச் செய்திருக்கிறது. தப்பாகத்தான். இருந்தாலும் அது பிரையனுடைய தப்பு இல்லை, என்னுடைய தப்பு. அன்று ராத்திரி உன் அம்மாவிடம், “அவன் எங்க அப்பான்னு சொன்னான், கேட்டியா?” என்றேன். “நாசமாக்கினது யாருன்னு கேட்டதுக்குச் சொன்னான்” என்றாள்.

ஏன் தப்பு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. குழாய்க்கு இடைவெளி அடைபட வேண்டும், அதற்கு டேப். பிரேக்குக்கோ இரும்பின் தட்டையான விளிம்பு குழலின் தட்டையான விளிம்போடு முழுவதும் பொருந்தி உட்கார வேண்டும். நடுவில் டேப் இருந்தால் கோணலாக நிற்கும், சூட்டில் இளகும், சுடச்சுடக் கழலும். கோணல் கொஞ்சம் கூடினால் குண்டே உள்சுவரில் உரசும். அவ்வளவு தூரம் போகாமல் சிதறலோடு நின்றது நம் நல்ல காலம்.

பொருத்தும் முறையை என் கையாலும் எழுதுகிறேன். பிரையனுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் உன்னிடம் என் எழுத்திலும் அது இருக்கட்டும். முதலில் ரைபிளில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி வேறு மேசையில் வை. குழல் முனையில் மரை இல்லாவிட்டால் அதை வெட்டுவது உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியின் லேத் வேலை, கொட்டகை வேலை இல்லை. மரை குழலின் வெளிப்புறத்தைப் பார்த்து வெட்டப்படக் கூடாது, உள்துளையின் நடுவைப் பார்த்து வெட்டப்பட வேண்டும். உன் குண்டின் அளவுக்கும் மரையின் அளவுக்கும் ஏற்ற பிரேக்தானா என்று பார். இரண்டு மரையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடை. குழலைத்தான் மெத்தை வைத்த வைஸ் இடுக்கியில் பிடிக்க வேண்டும், ரைபிளின் உடம்பைப் பிடித்துக்கொண்டு முறுக்காதே. கையால் திருகி, துளைகள் இடமும் வலமும் சமமாகப் பார்க்கும்படி நிறுத்து. நிற்காவிட்டால் அதற்கென்று வரும் மெல்லிய தகட்டு வாஷரைச் சேர்த்துச் சரிக்கட்டு. நசுங்கிக் கொடுக்கும் வாஷர் கோணலாக்கிவிடும் என்பதால் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் அதை விரும்புவதில்லை. பிரேக்குடன் வந்த காகிதத்தில் எவ்வளவு இறுக்கம் என்று போட்டிருக்கும், அதற்கு மேல் போகாதே. பிறகு இதற்கென்றே விற்கும் நேரான கம்பியைக் குழலுக்குள் விட்டு, பிரேக்கின் வாயில் சுற்றிலும் ஒரே இடைவெளி தெரிகிறதா என்று பார். தெரியாவிட்டால் சுடாதே. சில தடவை சுட்ட பிறகு மறுபடி இறுக்கத்தைப் பார், படியும் கரியை அடிக்கடி சுரண்டி எடு.

இத்தனையும் படித்து முடித்துவிட்டு, கடைசியில்தான் எல்லாரும் முதலில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைக் கவனித்தேன். உதைப்பைக் குறைக்கும் அந்தப் புகை எங்கே போகிறது? பக்கவாட்டில். சத்தமும் அதோடு போகிறது. சுடுகிறவனுக்கே முன்பைவிட அதிகச் சத்தம், பக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் மோசம், காற்று மார்பில் அறையும் என்று எழுதியிருந்தது. எனக்கு உன் அம்மா நனைந்து நின்றது ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

நீ அனுப்பிய இன்னொரு வீடியோவை மறுபடி எடுத்தேன், டேப்பை நீக்கி பிரேக்கைச் சரியாக மாட்டிய பிறகு ஒரு போட்டியில் எடுத்ததை. இத்தனை நாளும் அதில் பிரையனின் கை உன் தோளில் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது அவர் காதைப் பார்த்தேன். நீ ஒவ்வொரு தடவை சுட்டதும், உன் பக்கமாக இருக்கும் காதின் கவசத்தை விரலால் தூக்குகிறார். நீ பேசுவது கேட்க வேண்டும் என்பதற்காக. ஏதோ சொல்கிறார், நீ தலையாட்டுகிறாய், அடுத்ததற்குத் தயாராகிவிடுகிறாய். ஒருமுறை அவர் கவசத்தைத் திரும்ப மூடுவதற்குள் நீ சுட்டுவிட்டாய். அவர் முகம் ஒரு நொடி சுருங்குகிறது. பிறகு கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார். உனக்கு அது தெரியாது, உன் கண் இலக்கில் இருக்கிறது.

திரையில் நான் பேசும்போதெல்லாம் அவர் “என்ன? என்ன?” என்று இரண்டு முறை கேட்பார். என் எஸ்டேட் இங்கிலீஷைக் கிண்டல் செய்கிறார் என்று நான் முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் காது மந்தம் டிராக்டரால் வந்ததோ, பழைய துப்பாக்கிகளால் வந்ததோ, உன் ரைபிளால் எவ்வளவு வந்ததோ எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டால் சொல்ல மாட்டார். நானாக இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

இதைக் கண்டதும் என் பொறாமை தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறாயா? கூடிவிட்டது. இதுவரை அவர் உனக்குக் கொடுத்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது உனக்காக அவர் வாங்கிக்கொண்டதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அந்த அறை என் மார்பில் விழ வேண்டியது. அவர் அங்கே உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருக்கும்போது நான் பிரிஞ்சாங்கில் தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டு அவருடைய இங்கிலீஷில் பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில்: போட்டிக்கு முந்தின வாரமே நானும் அம்மாவும் வருகிறோம். டிக்கெட்டை மாற்றியாகிவிட்டது. பின்னாடி நாற்காலி வேண்டாம். உன் பக்கத்து இடம் எனக்கு வேண்டும். காற்று பார்க்க எனக்குத் தெரியாது, பிரையன் எனக்குக் கற்றுக் கொடுக்கட்டும், அவர் சொல்ல நான் கேட்டுக்கொள்கிறேன். போட்டியில் அவர் பின்னாடி நாற்காலியில் காதை மூடிக்கொண்டு சௌகரியமாக உட்காரட்டும். அவர் மறுத்தால், இது வீட்டு ஆள் உட்காரும் இடம், இவனுக்கு அப்பா வந்துவிட்டார் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். உரக்கத்தான் சொல்வேன், அவருக்குக் கேட்கும்படி.

அதற்கு முன் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை உன் ரைபிளை பிரையன் கையில் கொடுத்துச் சுடச் சொல். காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் கவசமும் இரண்டையும் போட்டுக்கொண்டு, கவசத்தை எதற்காகவும் தூக்காமல், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் நீ ஒரே ஒரு குண்டுக்கு உட்கார்ந்து பார்.

அன்புடன்,
அப்பா